காஜாக்காவின் பத்துக் கையெழுத்து

பொத்தான் நுழையும் துளையைத் தையல்காரர்கள் காஜா என்பார்கள். பதினாறு வருடமாகச் சட்டைக் கம்பெனியில் அதை மட்டுமே தைத்ததால் அவளுக்குக் காஜாக்கா என்று பெயர் விழுந்தது. அவள் போட்ட காஜாக்களை வரிசையாக வைத்தால் பூமியை இரண்டு சுற்றுச் சுற்றி, மிச்சத்தில் நிலாவுக்கு ஒரு பெல்ட்டும் மாட்டலாம்.

மூன்று மாதத்துக்கு முன்னால் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அவள் செய்த குற்றம் ஒரு கேள்வி கேட்டது. தையல் கூடத்தில் மேற்பார்வையாளர் மேசைக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு மஞ்சள் அட்டை தொங்கும். கழிப்பறைக்குப் போகிறவள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய் ஏழு நிமிடத்தில் திரும்ப வேண்டும். அதுவரை மற்ற நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு தைக்க வேண்டியதுதான். இருநூறு பேருக்கு எதற்கு ஒரே அட்டை என்று காஜாக்கா கேட்டாள். மறுநாள் வாசலில் காவலாளி அவளை உள்ளே விடவில்லை.

தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய் நியாயம் கேட்டாள். அட்டை வைக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை என்றார்கள். சட்டத்தை எங்கே செய்கிறார்கள் என்று கேட்டாள். சட்டசபையில் என்று பேச்சுவாக்கில் சொல்லிவைத்தார் அங்கிருந்த எழுத்தர் ஒருவர். சொல்லாமலே இருந்திருக்கலாம். அன்று மாலையே காஜாக்கா வேட்பாளர் ஆகிவிட்டாள்.

மூன்றே வாக்குறுதிகள். கழிப்பறைக்குப் போக யாரிடமும் அட்டை வாங்க வேண்டாம். சம்மதம் கேட்காமல் கூடுதல் நேரம் வேலை வாங்கக் கூடாது. ஷிப்ட் முடிந்தால் வீட்டுக்குப் போகப் பஸ் வேண்டும். எதிரில் நிற்பவர் கம்பெனி முதலாளியின் மச்சான், மூன்று முறை ஜெயித்தவர். அந்தப் பதினைந்து வருடத்தில் சபையில் அவர் வாய் திறந்தது ஒரே ஒரு தடவை, மின்விசிறியை வேகமாக வைக்கச் சொல்லி.

அன்று மனுத் தாக்கலின் கடைசி நாள், மூன்று மணிக்குள் கொடுத்துவிட வேண்டும். பன்னிரண்டரைக்கே காஜாக்கா நாத்தனாரின் ஸ்கூட்டரில் தேர்தல் அலுவலகத்தில் போய் இறங்கினாள். நாத்தனார் பள்ளிக்கூடத்தில் எழுத்தர், வாக்காளர் பட்டியலையே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். தொகுதியின் வாக்காளர்கள் பத்துப் பேர் முன்மொழிந்து கையெழுத்துப் போட வேண்டும். பத்தும் இருந்தன. காஜாக்காவே முந்தின நாள் ஒவ்வொன்றாகச் சரிபார்த்திருந்தாள்.

கண்ணாடி போட்ட தேர்தல் அதிகாரி படிவத்தைப் பட்டியலோடு ஒப்பிட்டார். மறுபடி ஒப்பிட்டார். பிறகு கண்ணாடியைத் துடைத்தார்.

"இதுல ஒரு நம்பர்கூடப் பட்டியல்ல இல்லையேம்மா."

காஜாக்கா எட்டிப் பார்த்தாள். 214, 87, 163. பார்த்ததுமே அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாக்காளர் எண் கேட்ட இடத்தில் பத்துப் பேரும் கம்பெனி டோக்கன் எண்ணை எழுதியிருந்தார்கள். உள்ளே நுழைய, மருந்து வாங்க, சம்பளம் வாங்க எல்லாவற்றுக்கும் அந்த எண்தான். அவர்களில் ஒருத்தி காதல் கடிதத்தின் அடியில்கூட அதை எழுதிவிட்டு அப்புறம்தான் பெயரை எழுதினாளாம். காஜாக்காவுக்கோ அத்தனை எண்ணும் தலைகீழ்ப் பாடம். பார்த்தவுடன் ஆளின் முகமே தெரிந்ததால், எல்லாம் சரி என்று சந்தோஷமாக மடித்து வைத்திருந்தாள்.

அடித்துத் திருத்தினால் செல்லாது, புதுப் படிவம், புதுக் கையெழுத்து என்று அதிகாரி முடித்துவிட்டார். முதலாளியின் மச்சானுக்குப் பயந்து ஊரில் வேறு யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள், நாத்தனாருக்கோ ஓட்டு வேறு தொகுதியில். பத்துப் பேரும் கம்பெனிக்குள். கதவு திறப்பது ஐந்து மணிக்கு. கைபேசிகள் எல்லாம் காவலாளியின் பெட்டிக்குள்.

கம்பெனியின் பின்சந்துக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. அங்கே சுவரில் உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல், கழிப்பறையுடையது. கிளம்பும் முன்பே நாத்தனார் பட்டியலைப் பார்த்துப் புதுப் படிவத்தில் சரியான எண்களை எழுதி முடித்திருந்தாள். காஜாக்கா ஸ்கூட்டர் இருக்கையில் ஏறி நின்றாள், நாத்தனார் வண்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே இருந்தது இஸ்திரி போடுகிறவள், பத்துப் பேரில் ஒருத்தி. சுவர் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது என்று நினைத்து அவள் போட்ட கூச்சலில் சந்தில் இருந்த காக்கைகள் பக்கத்துத் தொகுதிக்கே குடிபெயர்ந்தன.

"சுவரு இல்லடி, நான்தான். கையை நீட்டு."

கையெழுத்தைப் போட்டு, மற்ற ஒன்பது பேருக்கும் சேதியை எடுத்துக்கொண்டு அவள் ஓடினாள். பிறகு மஞ்சள் அட்டை ஒரு கழுத்திலிருந்து அடுத்த கழுத்துக்குத் தாவியது. ஒவ்வொருத்தியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள், கையெழுத்தோடு கூடத்துச் செய்தியையும் தந்தாள். மத்தியானம் அப்படி என்னத்தைச் சாப்பிட்டீர்கள் என்று மேற்பார்வையாளர் கேட்டாராம். ஆறாவதாக வந்தவளிடம் உன் வயிற்றுக்கும் அதே நோவா என்றாராம்.

ஒன்பதாவதாக வந்தவள் காலர் தைப்பவள். மணி இரண்டு முப்பத்தைந்து.

"அக்கா, நான் திரும்பிப் போனதும் அட்டையை வாங்கிப் பாக்கெட்டுல போட்டுக்குவானாம். இனிமே அஞ்சு மணிக்குத்தானாம்."

மிச்சம் இருந்தவள் பொத்தான் தைக்கிறவள். எட்டு வருடத்தில் அவள் பேசிய பேச்சு முழுவதையும் ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். மேற்பார்வையாளர் தும்மினால்கூட மன்னிப்புக் கேட்கிறவள்.

நாத்தனாருக்குக் கை மரத்துப்போயிருந்தது. "இறங்குங்க அண்ணி. அடுத்த தேர்தல்ல பாத்துக்கலாம்."

"இன்னும் அஞ்சு வருஷம் அடக்கிக்கிட்டு இருக்கச் சொல்றியா?"

நாத்தனார் வண்டியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். நிமிடங்கள் போயின. காஜாக்கா இறங்கவில்லை.

திடீரென்று சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மிஷின் நின்றது. பத்து நின்றன. பிறகு கூடம் முழுக்க நின்றுபோனது. பதினாறு வருடத்தில் வேலை நேரத்தில் அந்த நிசப்தத்தை அவள் கேட்டதே இல்லை. அதற்குள் ஒரு ஜோடிச் செருப்பின் சத்தம் மட்டும் அவசரமில்லாமல் நடந்து வந்தது. ஜன்னலில் ஒரு கை நீண்டது. கட்டை விரலில் ஊசி குத்திய தழும்புகள்.

"அட்டை கொடுத்தானா?" என்றாள் காஜாக்கா.

"இல்லக்கா. அட்டை எங்கன்னு கேட்டாரு. உங்க பாக்கெட்டுலன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"உன்னைச் சும்மா விடுவானா?"

"எல்லாரும் எழுந்து நிக்கிறாங்கக்கா. எத்தனை பேரை நிறுத்துவாரு? நீங்க போங்க."

நாத்தனார் அன்றைக்கு ஸ்கூட்டர் ஓட்டிய வேகத்தில் அவர்களுடைய நிழல் இரண்டு தெரு பின்னால் வந்தது. இரண்டு ஐம்பத்தேழுக்குப் படிவம் மேசையில் விழுந்தது. அதிகாரி எண்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பத்தும் இருந்தன. ஒரு மூலை நனைந்திருந்தது, பினாயில் வாசனை வேறு. மூக்கைச் சுருக்கினாரே தவிர ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டு முத்திரை குத்தினார். பிறகு சும்மா இருக்க மாட்டாமல், காலையில் முதலாளியின் மச்சானோடு நாற்பது கார் வந்ததைச் சொல்லி, உங்களோடு யாரும் வரவில்லையா என்றார்.

"எல்லாரும் வேலையில இருக்காங்க சார்," என்றாள் காஜாக்கா.

வெளியே வந்ததும், வீட்டுக்குப் போய் ஒரு வாய் சாப்பிடலாமா என்று நாத்தனார் கேட்டாள். காஜாக்கா ஏற்கெனவே பின்னிருக்கையில் ஏறியிருந்தாள்.

"கம்பெனி வாசலுக்கு விடு. பொத்தான்காரிக்கு ஏதாவது ஒண்ணுன்னா நான் அங்க நிக்கணும். அஞ்சு மணிக்கு இருநூறு ஓட்டு வெளியில வரும். மீதி ஒரு லட்சத்தை நாளையிலேருந்து பாத்துக்கலாம்."