கணு இல்லாத பலகை

சவப்பெட்டியில் கிடத்திய அப்பாவின் வெள்ளை அங்கியில் ஒட்டிய பிசினைக் கேத்தூராள் பன்றிக்கொழுப்பு தேய்த்து எடுக்கப் பார்த்தாள். தேய்க்கத் தேய்க்கக் கறைதான் பரவியது. ஆகஸ்டு வெயிலுக்குப் பெட்டியின் கணு ஒவ்வொன்றும் பிசின் கக்கியது. அதில் ஈ மொய்த்தது. அவள் முகத்தைச் சுளித்தாள். பிணத்தைப் பார்த்து அல்ல, பெட்டியைப் பார்த்து.

அப்பா யாபேஸ் நேற்று மலையில் செத்தார். வெட்டிய மரம் உருண்டு நெஞ்சில் ஏறிவிட்டது. இரண்டு வருஷமாகச் சால்ட்லேக் நகரத்துக் கோயிலில் வைக்கும் ஆர்கன் என்ற பெரிய குழல்வாத்தியத்துக்குப் பைன் மரம் தேடியவர். குழலுக்குப் போகும் பலகையில் கடுகளவு கணுவும் ஆகாது, குரல் உடைந்துவிடும். நூறு மரத்தில் ஒன்று தேறும். தேறியதெல்லாம் ஊர்ச்சபைத் தலைவரான பிஷப்பின் கொட்டகையில் காய்ந்துகொண்டிருந்தது. கழித்துப்போட்டதில் செய்ததுதான் இந்தப் பெட்டி.

பிஷப் ஹார்க்கர் ஜெபம் சொல்ல வந்தார்.

"மூடிக்கு மட்டும் ஒரு பலகை குடுங்க பிஷப். அடுக்குல மேலாக்க கிடக்குதே, அந்த ஒண்ணு. அப்பா அறுத்ததுதானே."

"அறுத்தது அவருதாம்மா. ஆனா கர்த்தருக்குன்னு நேந்துவிட்டாச்சு. அதை மண்ணுல போடலாமா? உங்கப்பா மரம் ஆயிரம் பேரு முன்னால பாடப்போவுது. அதுக்கு மேல என்ன வேணும்?"

"மூஞ்சில பிசின் ஒழுகாம இருக்கணும். அது போதும்."

பிஷப் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டே ஜெபத்தை முடித்தார். ஊருக்கு உபதேசம் என்பது இதுதான் என்று நினைத்தாள். சாயங்காலம் மழையில் அடக்கம் நடந்தது.

மறுநாள் காலை வண்டிகள் வந்தன. சால்ட்லேக்கிலிருந்து வந்த ஆர்கன் ஆசாரி ஒவ்வொரு பலகையையும் விரலால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். அடுக்கின் மேலே கிடந்த, அவள் கேட்ட அந்தப் பலகையைப் புரட்டி, ஓரத்தில் நகத்தால் சுரண்டினார்.

"கணு இருக்கு. கோழிக்கூட்டுக்கு ஆவும்."

பிஷப் தொண்டையைச் செருமினார். "கேத்தூரா, இதை நீ எடுத்துக்கயேன்."

"எதுக்கு பிஷப்?"

வண்டி வரைக்கும் ஒரே சேறு, மாட்டுச்சாணி வேறு. பிஷப் பலகையைத் தூக்கிச் சேற்றின்மேல் போட்டார். பூட்ஸில் ஒரு பொட்டு அழுக்குப் படாமல் அதன்மேல் நடந்து போனார்.

கேத்தூராள் விரல்களைப் பிரித்துப் பார்த்தாள். பிசின் இன்னும் விடவில்லை.