விக்டிஸ் போட்டுக்கொண்ட மதிப்பெண்

விக்டிஸ் தனக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொண்டது மே மாதம் பத்தாம் தேதி. நகராட்சியில் விழா ஒருங்கிணைப்பாளர் வேலை ஒன்று காலியாக இருந்தது. விண்ணப்பத்தோடு ஒரு படிவம். உங்கள் திறமையை நீங்களே ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிடுங்கள்: திட்டமிடல், நேரக் கட்டுப்பாடு, வேலையைப் பிரித்துக் கொடுத்தல், நெருக்கடியைச் சமாளித்தல், பிறர் சொல்வதைக் கேட்டல். நார்வேக்காரர்கள் இந்த மாதிரி இடத்தில் கூச்சப்பட்டு மூன்று போட்டுவிட்டு, நான்கு போட்டிருக்கலாமோ என்று வீட்டில் புழுங்குகிறவர்கள். விக்டிஸ் எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டாள். அடியில் ஒரு குறிப்பு வேறு: "சந்தேகம் இருந்தால் மே பதினேழு ஊர்வலத்தை வந்து பாருங்கள்."

ஸ்டைன்விக் ஊரில் மே பதினேழு, அதாவது நாட்டின் பிறந்தநாள், ஆறாம் வகுப்புப் பெற்றோர்களின் தலையில்தான் விடியும். குழந்தைகள் ஊர்வலம், வாத்தியக் குழு, சாசேஜ், ஐஸ்கிரீம், சாக்கு ஓட்டம், எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஏழு பேர் குழுவில் தலைவியாக விக்டிஸ் கையைத் தூக்கியபோது மற்ற ஆறு பேருக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

போன வருஷம் ஊர்வலம் இருபத்தைந்து நிமிஷம் தாமதம். நடக்க முடியாமல் பாதிக் குழந்தைகள் அழுதுவிட்டன. இந்த வருஷம் அது நடக்காது என்றாள் விக்டிஸ். கணினியில் நிமிஷம் நிமிஷமாகக் கட்டம் போட்டு, மேல்தெருவைச் சுற்றி வருகிற பகுதியை வெட்டினாள். பதினெட்டு நிமிஷம் மிச்சம்.

குழுக் கூட்டத்தில் உறுப்பினர்களில் ஒருவனான ஐவின் மட்டும் பாதிக் கையைத் தூக்கினான். "இல்ல விக்டிஸ், அந்த மேல்தெருவுல..."

"வழி முடிவாயிடுச்சு, ஐவின். இனிமே அதைக் கிளறினா விடிய விடிய உக்காரணும். வேற யாருக்காவது ஆட்சேபம் இருக்கா?"

ஐவினின் கை இறங்கியது. 'ஒருமனதாக' என்று எழுதிக்கொண்டாள்.

மே பதினேழு அன்றைக்கு வெயிலும் அவள் சொன்னபடி கேட்டது. பத்து மணிக்குக் கிளம்பிய ஊர்வலம் பத்தே முக்காலுக்குப் பள்ளி மைதானத்துக்குள் நுழைந்தது. ஒரு குழந்தைகூட அழவில்லை. தலைமையாசிரியர் வந்து கையைக் குலுக்கினார். நகராட்சி ஆள் ஒருவர் தூரத்திலிருந்து தலையாட்டியதையும் அவள் பார்க்கத் தவறவில்லை.

பதினொன்றரைக்கு ஒரு பெண் சைக்கிளில் மூச்சிரைக்க வந்து நின்றாள். மேல்தெரு முதியோர் இல்லத்துத் தாதி மாரித்.

"எப்ப வருவீங்க?"

"எங்கே?"

"எங்கேன்னா? நம்ம இல்லத்துக்குத்தான். எப்பவும் வாசல்ல நின்னு ரெண்டு பாட்டு வாசிச்சிட்டுத்தானே வருவீங்க? இருபத்திரண்டு பேரையும் ஒம்போதே முக்காலுக்கே வெளிய உக்கார வெச்சாச்சு. உள்ள வரமாட்டேங்கறாங்க."

விக்டிஸுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. நாலு வருஷம் அந்த வாசலில் மகளோடு நின்று கொடி ஆட்டியிருக்கிறாள். எப்போதும் நடக்கிற விஷயம் என்பதால் யாரும் எங்கேயும் அதை எழுதி வைத்ததில்லை. எழுதாதது அவளுடைய கட்டத்தில் வரவில்லை. பதினெட்டு நிமிஷமாக மட்டும் வந்தது.

இல்லத்துக்குப் போக மேட்டில் ஏறும்போது மதிப்பெண்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. திட்டமிடல், நல்ல திட்டம்தான். யாருக்காக என்று படிவமும் கேட்கவில்லை, அவளும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டல்? அதை நினைத்ததும் முகம் எரிந்தது. அந்தப் பாதிக் கை கண்ணுக்குள்ளேயே நின்றது.

வாசலில் இரண்டு வரிசை நாற்காலி. மடியில் கம்பளி, கையில் காகிதக் கொடி. பாதிப் பேர் பாரம்பரிய உடையில் இருந்தார்கள். பாட்டிகளின் மார்பில் வெள்ளி அணிகள் மின்னின. அவளைப் பார்த்ததும் இரண்டு மூன்று கொடிகள் ஆடின.

முன்வரிசையில் கழுத்துவரை வெள்ளிப் பொத்தான் மாட்டிய கிழவர் கேட்டார். "வந்துட்டாங்களா?"

"இந்த வருஷம் வழி மாறிடுச்சு, ஐயா. குழுவுல சேர்ந்து எடுத்த முடிவு."

சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமான வாக்கியம் என்று தெரிந்தது. ஆனாலும் சொல்லி முடித்தாள்.

"குழுவா?" கிழவர் கொடியைத் தாழ்த்தினார். "அதுல என் பையன் இருக்கானே. ஐவின். அவனுமா சரின்னான்?"

ஐவினின் அப்பா கோரே. நாற்பது வருஷம் அதே வாத்தியக் குழுவில் பெரிய மேளம் அடித்தவர். விக்டிஸுக்கு இது தெரியாது. அன்று ஐவினைப் பேச விட்டிருந்தால் தெரிந்துகொள்ள அரை நிமிஷம் போதுமாயிருந்திருக்கும். ஓடி ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

"இல்ல ஐயா. அவர் சொல்ல வந்தார். நான்தான் சொல்ல விடல. மத்தவங்க மேல தப்பில்ல. நான் மறந்துட்டேன்."

கோரே அவளைத் திட்டியிருந்தால் தேவலை. அவர் தெருவைப் பார்த்தபடி கேட்டார்.

"இப்ப வருவாங்களா?"

"வாத்தியக்காரங்க எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்க."

"சரி. எனக்கு ஒரு உதவி பண்ணும்மா. நான் வெளிய வரவே இல்லைன்னு அவன்கிட்ட சொல்லிடு. காலையிலேர்ந்து தூங்கிட்டிருந்தேன்னு சொல்லு. அவன் தாங்க மாட்டான்."

கீழே இறங்கும்போது அந்தப் பொய் கையடக்கமாக அவளிடம் இருந்தது. கிழவரே கொடுத்தது. ஐவின் வருத்தப்பட மாட்டான். அவளையும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அவளுக்குத்தான் அது அதிகம் பயன்படும் என்பது மைதானத்து வேலி அருகே வந்தபோது உறைத்தது.

ஐவின் அடுப்பில் சாசேஜ் புரட்டிக்கொண்டிருந்தான். "மேல போனியா? அப்பாவைப் பார்த்தியா?"

"பார்த்தேன். தூங்கிட்டேன்னு உன்கிட்ட சொல்லச் சொன்னார். தூங்கல, ஐவின். ஒம்போதே முக்காலிலேர்ந்து வாசல்லதான் உக்காந்திருக்கார். எல்லாப் பொத்தானும் போட்டுக்கிட்டு. இதுல நான் இன்னொண்ணும் செஞ்சேன். முதல்ல குழு முடிவுன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன்."

கத்துவான் என்று நினைத்தாள். கத்தட்டும் என்றுகூட விரும்பினாள். அவன் இடுக்கியைக் கீழே வைத்தான்.

"என் தப்பு," என்றான். "நான் இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லியிருக்கணும்."

மேல்தெருப் பக்கம் ஓட ஆரம்பித்தான். இல்லை, உன் தப்பில்லை என்று விக்டிஸ் கத்தினாள். அவன் காதில் அது விழவில்லை.