விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்தது

வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளைச் சோதிக்கக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்த ஆய்வாளர் அம்மாள் நல்லவர்தான். சாப்பாட்டு மேசையில் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசினார். சின்னவளிடம் குறை ஒன்றும் இல்லை. ஏழு வயது, வாய் மட்டும் எழுபது. அப்பா அவளைச் 'சில்வண்டு' என்றுதான் கூப்பிடுவார். பெரியவள் விஷயத்தில்தான் இடித்தது. பன்னிரண்டு வயது, வாசிப்பில் படுகெட்டி, கணக்கில் இரண்டு வருடம் பின்தங்கியிருந்தாள். பின்னக் கணக்கைக் காட்டியதும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போனவள் திரும்பி வரவில்லை.

கிளம்பும்போது ஆய்வாளர் தாயை வாசலுக்கு வெளியே அழைத்துப்போய் விவரம் சொன்னார். கோடை விடுமுறை முடியும்போது பெரியவளுக்கு அலுவலகத்தில் ஒரு தேர்வு. தேறினால் வீட்டிலேயே படிப்பைத் தொடரலாம். தேறாவிட்டால் இரண்டு பேரையும் பள்ளியில் சேர்த்தாக வேண்டும்.

"பயமுறுத்திடாதீங்கம்மா. லீவுதானே, விளையாட்டா சொல்லிக் குடுங்க. புடிச்சிக்குவா," என்றார்.

தாய் ஒரு பதிப்பகத்துக்கு வீட்டிலிருந்தபடியே பிழை திருத்திக் கொடுப்பவள். பதினாறு வருடமாக அடுத்தவர் எழுத்தில் தப்பு தேடிய கண். மருந்துச் சீட்டில் ஒற்று விட்டுப்போயிருந்தாலும் அவளுக்குக் கை பரபரக்கும். நாலு வருடத்துக்கு முன், பெரியவள் பள்ளிக்குக் கிளம்பும் நேரமெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். வகுப்பு ஆசிரியை அவளுடைய மேசையைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டிருந்தது ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. மறுநாளே தாய் அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டாள். கூடப் பிறந்த அண்ணனே, "வீட்டுல வச்சுப் படிக்க வைக்கப் போறியா? ஆழம் தெரியாம கால விடாத," என்றான். விட்டாள். அந்த நாலு வருடமும் பிள்ளை வாந்தி எடுக்கவில்லை, அதுவே போதும் என்றிருந்தாள். கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளித் தள்ளிப் போட்டது அவள்தான்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். தேர்வைப் பற்றிப் பெரியவளிடம் சொல்லிவிடுவதே நல்லது என்று நினைத்தார். தாய் கேட்கவில்லை. சொன்னால் பழையபடி வாந்தி ஆரம்பித்துவிடும் என்றாள். தன் பயமும் அதில் பாதி என்பதை அவள் சொல்லவில்லை.

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கப் பாக்குற," என்றார் அவர்.

"பிள்ளைக்குத் தெரியாம மருந்தத் தேன்ல கொழச்சுக் குடுக்கிறதில்லையா? அது மாதிரிதாங்க."



விடுமுறை ஆரம்பித்தது. பாடப் புத்தகங்களைக் கட்டி அலமாரி மேல் ஏற்றிவிட்டு, இந்தக் கோடை முழுக்கச் சும்மா இருக்கலாம் என்று தாய் அறிவித்தாள். சில்வண்டு வீட்டைச் சுற்றி மூன்று தரம் ஓடினாள். பெரியவள் நம்பாமல் பார்த்தாள். பிறகு நம்பினாள்.

முதல் இரண்டு வாரம் நன்றாகவே போயிற்று. மூன்று பேரும் சேர்ந்து கேக் செய்தார்கள். மாவை அரைக் கிண்ணம், கால் கிண்ணம் என்று அளந்து போட்டது பெரியவள். ஜன்னல் திரைக்குத் துணி வெட்டினார்கள். பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை நிமிடத்துக்கு ஒரு தரம் வருகிறது என்று பந்தயம் கட்டினார்கள். தப்பைக் கண்டால் திருத்தக் கூடாது என்று தாய் தனக்குத் தானே சத்தியம் செய்திருந்தாள். முக்கால் கிண்ணத்துக்குப் பதில் பெரியவள் ஒன்றரைக் கிண்ணம் போட்டபோது, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கேக் செங்கல்லாக வந்தது. வீடு கட்டலாம் என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள்.

ஒரு சனிக்கிழமை அப்பா இருவரையும் வேலைக்குக் கூட்டிப்போனார். எட்டு மாடி அலுவலகக் கட்டடம், தரைக்குக் கீழே வண்டி நிறுத்த இரண்டு தளம். மொட்டை மாடியை ஒட்டிய இயந்திர அறையில் நிற்க வைத்து, லிஃப்ட் பெட்டி மேலே போகும்போது, கயிற்றின் மறுமுனையில் தொங்கும் எதிர் எடை கீழே போவதைக் காட்டினார். பெரியவள் அங்கிருந்து நகரவே இல்லை. பெட்டியில் ஆளே இல்லாவிட்டால் எது கனம், பெட்டி பாதி நிறைந்தால் எது கனம் என்று கேட்டுக் கேட்டு அவரைத் திணறடித்தாள். வீட்டுக்கு வந்தும் ஒரு நூலின் இரண்டு முனையிலும் கரண்டியைக் கட்டி, கதவுக் கைப்பிடியில் தொங்கவிட்டுத் தங்கைக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். முகம் அப்படி மலர்ந்திருந்தது.

தாய்க்கு மனம் நிறைந்துபோயிற்று. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"அப்போ மைனஸ் ரெண்டுல ஏறி அஞ்சாவது மாடியில எறங்கினா, எத்தன மாடி ஏறியிருப்ப?" என்று கேட்டாள்.

பெரியவள் நூலைக் கையில் பிடித்தபடியே தாயை ஏறிட்டாள். பிறகு கரண்டிகளை அவிழ்த்துச் சமையலறையில் கொண்டுபோய்ப் போட்டாள்.

அதன் பிறகு வீட்டில் ஒரு மாற்றம் வந்தது. கடைக்குப் போகலாமா என்றால், எதற்கு என்று கேட்டாள் பெரியவள். ஆரஞ்சை உரித்து நீட்டினால், முதலில் சுளைகளைப் பார்த்தாள், அப்புறம் அம்மாவைப் பார்த்தாள். சின்னவளும் அக்காவைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். நிலா ஏன் நம் கூடவே வருகிறது என்று ஆரம்பித்தவள், அம்மாவின் கண் விரிவதைப் பார்த்ததும், ஒன்றுமில்லை என்று நிறுத்திக்கொண்டாள். தாய் விடவில்லை. நாட்கள் ஓடிக்கொண்டிருந்தன. புதுப்புது விளையாட்டாகத் தேடித் தேடி, கல்லில் நார் உரித்துக்கொண்டிருந்தாள்.

தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது பெரியவள், கிழிந்த கதைப் புத்தகத்தை ஒட்ட டேப் தேடித் தாயின் மேசை இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே பச்சை அட்டை நோட்டு ஒன்று கிடந்தது. அன்றன்று செய்த விளையாட்டும், அதற்குள் வைத்த பாடமும், யாருக்கு எது வந்தது, எது வரவில்லை என்பதும் தேதி வாரியாக எழுதியிருந்தது. வராததெல்லாம் சிவப்பு மையில். முதல் பக்கத்தில் தேர்வு நாள், இரண்டு அடிக்கோடுகளோடு.

தாய் துணி காயப்போட்டுவிட்டு வந்தபோது அவள் நின்றுகொண்டே வாசித்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு பக்கத்தில் விரலை வைத்துச் சத்தமாகப் படித்தாள்.

"ஞாயிறு. மதியம் பெரியவளோடு படுத்துக்கொண்டு கதை. மூன்று பேர் ஒரு ரொட்டியைப் பங்கு போடுவது. மூன்றில் ஒன்று புரிகிறது, மூன்றில் இரண்டு புரியவில்லை."

நோட்டை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"அன்னிக்கு நீ சும்மா என் பக்கத்துல வந்து படுத்திருக்கேன்னு நெனச்சேன்மா."

"சும்மாதாண்டி படுத்தேன்," என்றாள் தாய். அது உண்மை. முதலில் சும்மாதான் படுத்தாள். கதை பாதியில்தான் ரொட்டி ஞாபகம் வந்தது. ஆனால் அதை எப்படிப் பிரித்துச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கையைப் பிடிக்கப் போனாள். பெரியவள் கோபமாக உதறவில்லை. கடையில் தெரியாதவர் மேல் இடித்துவிட்டால் விலகுவோமே, அப்படி விலகிக்கொண்டாள்.

அன்று மாலை அப்பா இருவரையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னார். மன்னிப்பும் கேட்டார். பெரியவள் கேட்டுக்கொண்டாள். மிச்ச நாட்களில் அலமாரியிலிருந்து கணக்குப் புத்தகத்தைத் தானே இறக்கி, கதவைச் சாத்திக்கொண்டு படித்தாள். தாய்க்கு உள்ளூர ஒரு சின்ன நம்பிக்கை வந்தது. கதவுக்கு வெளியே நின்று, பென்சில் ஓடும் சத்தத்தைக் கேட்பாள்.

தேர்வு ஒன்றரை மணி நேரம். இருபது நிமிடத்திலேயே பெரியவள் வெளியே வந்தாள். பின்னால் வந்த ஆய்வாளர் அம்மாள் விடைத்தாளைத் தாயிடம் காட்டினார். முதல் பக்கத்தில் ஐந்து கணக்கு. ஐந்தும் சரி. பின்னக் கணக்குகள். ஆறாவதிலிருந்து எல்லாம் வெறும் தாள்.

அலுவலகப் படிக்கட்டில் இறங்கும்போது தாய் கேட்டாள். "தெரிஞ்சும் ஏண்டி எழுதல?"

"எழுதினா வீட்டுலதானே படிக்கணும்."

"அந்த ஸ்கூல் ஒனக்கு எவ்வளவு கஷ்டம்னு மறந்துபோச்சா?"

"மறக்கல." இரண்டு படி இறங்கிவிட்டு நின்றாள். "அங்க பாடம் எப்ப ஆரம்பிக்குது, எப்ப முடியுதுன்னு மணி அடிப்பாங்கம்மா."

பழைய பள்ளி வேண்டாம் என்று ஆய்வாளர் வேறு பள்ளி பார்த்துக் கொடுத்தார். விடைத்தாளில் இருந்ததைத்தான் பள்ளி கணக்கில் எடுத்தது. பெரியவளைப் பத்து வயதுப் பிள்ளைகளோடு போட்டார்கள். வாந்தி திரும்பி வந்தது. முதல் வாரம் மூன்று நாள், பள்ளிக்குப் பக்கத்துச் சந்தில் எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். வேண்டாம், வீட்டுக்கே வந்துவிடு என்று தாய் ஒருநாள் சொல்லிப் பார்த்தாள். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். சில்வண்டு போன முதல் நாளே, வகுப்பில் அதிகம் பேசுகிறாள் என்று துண்டுச் சீட்டு வந்தது. மூன்றாவது வாரத்தில் சீட்டு நின்றுவிட்டது.

போகப் போகச் சரியாகிவிடும் என்றார் கணவர். ஒரு தரம்தான் சொன்னார்.

நோட்டைத் தாய் கிழித்துப் போட்டிருந்தாள். அது எதையும் மாற்றவில்லை. சாப்பாட்டு மேசையில் எதையாவது கேட்க வாயெடுப்பாள், கேட்டால் பாடமாகிவிடுமோ என்று விழுங்கிக்கொள்வாள். நாளடைவில் கேட்பதற்கே ஒன்றும் தோன்றாமல் போயிற்று. பதிப்பகத்தில் கூடுதல் பக்கங்கள் கேட்டு வாங்கினாள்.

ஒரு நாள் மாலை பிள்ளைகளைக் கூட்டிவரச் சீக்கிரமே போய்விட்டாள். கம்பி வேலிக்கு உள்ளே, குட்டிப் பிள்ளைகளின் வரிசையில் பெரியவள் மட்டும் ஒரு தலை உயரமாக நின்றுகொண்டிருந்தாள். முன்னால் நின்ற சிறுமி திரும்பி ஏதோ கேட்க, அவள் குனிந்து, விரல்களை மடக்கி மடக்கிப் பொறுமையாக விளக்கினாள். தாய் வேலியை ஒட்டி இன்னும் ஓரடி நெருங்கினாள். பெரியவள் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். விரல்களை மடக்கிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நேரே பார்த்தபடி நின்றாள்.