சகலை தலையில் கட்டிய பங்குகள்

என் சகலையைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். என் மனைவியின் தங்கையைக் கட்டியவன், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன், என்னைவிட ஆறு வயது சின்னவன். சொந்த வீடு, மாடியில் இன்னொரு வீடு, அதிலிருந்து வாடகை. என் மாமியார் உடம்புக்கு முடியவில்லை என்றால் முதலில் அவனுக்குத்தான் போன் செய்வார். இத்தனைக்கும் அவன் ஓர் அப்பிராணி. யார் எதைச் சொன்னாலும் நம்புவான். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

நான் தண்ணீர் மோட்டார் செய்யும் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். பத்து வருடம் முடித்தவர்களுக்குக் கம்பெனி ஆயிரம் பங்கு கொடுத்தது. கணக்கில் புதுச் சரக்கு என்று எழுதியிருக்கும் மோட்டார்களில் பாதி, கிடங்கின் பின்வரிசையில் துருப்பிடித்துக் கிடப்பது எனக்குத் தெரியும். மாதாமாதம் அந்தச் சரக்கு அட்டையில் கையெழுத்துப் போடுகிறவனே நான்தான். இந்தக் கம்பெனி எத்தனை நாள் தாங்கும்? போன வருடம் சகலை வீட்டுக்கு வந்திருந்தபோது, அந்த ஆயிரத்தையும் அவன் தலையில் கட்டினேன்.

"எங்க கம்பெனி மாதிரி வராது சகலை. வெளியாளுக்கு விக்க மனசு வரல. பங்கு நாற்பதுன்னு உங்களுக்குத் தரேன்."

மனைவி பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அரை மணி நேரம் அளந்து விட்டேன். "ஒரு வாரம் டைம் கொடுங்கண்ணே" என்றான். சொன்னபடி முழுப் பணத்தோடு வந்தான். அதில் நான் பைக் வாங்கினேன். அவன் கடைப் பக்கம் போகும்போதெல்லாம் ஹாரன் அடிப்பேன்.

எட்டே மாதம். எங்களைவிடப் பத்து மடங்கு பெரிய கம்பெனி ஒன்று எங்களை வாங்கிச் சேர்த்துக்கொள்ளப் போவதாகக் காலையில் செய்தி வந்தது. எங்கள் டீலர்கள் அவர்களுக்கு வேண்டுமாம். மத்தியானத்துக்குள் எங்கள் பங்கு தொண்ணூற்றைந்துக்குப் போனது. வாங்குகிறவர்களின் பங்கு அன்றைக்கே கொஞ்சம் சரிந்தது. அதிக விலை கொடுக்கிறார்கள் என்று சந்தைக்குத் தோன்றியிருக்கிறது. நான் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். பங்கு கையைவிட்டுப் போனதுகூடப் பரவாயில்லை. அது போயும் போயும் அவனிடம் போய்ச் சேர்ந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

இரண்டு மாதம் கழித்து அவனே போன் செய்தான்.

"அண்ணே, எல்லாம் உங்க புண்ணியம். இப்ப ஒரு பேப்பர் வந்திருக்கு. பங்குக்கு நூறுன்னு ரொக்கமா வாங்கிக்கலாமாம். இல்லேன்னா நம்ம அஞ்சு பங்குக்கு அவங்க பங்கு ரெண்டு தருவாங்களாம். எதுல டிக் போடறது?"

பின்வரிசைத் துரு என் கண்முன் வந்தது. புது முதலாளி சரக்கை எண்ணிப் பார்க்கிற அன்றைக்கு அவர்கள் பங்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா?

"ரொக்கம் வந்தா செலவாயிடும் சகலை. பெரிய கம்பெனிப் பங்கு கிடைக்குதுன்னா யாராவது விடுவாங்களா? கண்ணை மூடிட்டுப் பங்கையே கேளுங்க."

"வீட்டுலயும் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடறேண்ணே" என்றான். அன்றைக்கு நான் ஒரு பிடி அதிகமாகவே சாப்பிட்டேன்.

இணைப்பு முடிந்தது. மூன்றாம் மாதம் கிடங்கைத் திறந்து எண்ணினார்கள். பாதிச் சரக்கு குப்பை என்று அறிவித்ததும் பெரிய கம்பெனியின் பங்கு மளமளவென்று விழுந்தது. தினமும் பல் விளக்குவதற்கு முன்பே போனில் அந்த விலையைப் பார்ப்பேன். சகலைக்கு இன்றைக்கு எவ்வளவு போச்சு என்று கணக்குப் போட்ட பிறகுதான் எனக்குக் காப்பியே இறங்கும்.

போன வெள்ளிக்கிழமை என் கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்தார்கள். அவர்களுக்கு ஏற்கெனவே ஒரு ஸ்டோர் கீப்பர் இருந்தார். சரக்கு அட்டையில் என் கையெழுத்து இருந்தது. திங்கட்கிழமை முதல் வரவேண்டாம் என்றார்கள்.

மனைவியிடம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்க. உங்ககிட்ட ஒண்ணு மறைச்சிட்டேன். அன்னைக்குத் தங்கச்சி வீட்டுக்காரர்கிட்ட பாதிப் பணம்தான் இருந்துச்சு. நீங்க அவ்வளவு சொன்னீங்களேன்னு மீதியை நான் போட்டேன். தையல்ல சேர்த்த காசு. சொன்னா சத்தம் போடுவீங்கன்னு சொல்லல. அந்த ஆயிரத்துல ஐநூறு நம்மளோடது."

ஜன்னல் வழியே வாசலில் என் பைக் தெரிந்தது. அதில் பாதி அவளுடைய தையல் காசு.

"ரொக்கமாத்தானே வாங்கினீங்க?" என்றேன்.

"அவர் கடைக்கு மிஷின் வாங்கணும்னு அவர் பாதியை மட்டும் ரொக்கமா எடுத்துக்கிட்டார். என்னையும் எடுத்துக்கச் சொன்னார். நான்தான் மாட்டேன்னுட்டேன். நீங்க போன்ல அவர்கிட்ட சொன்னதைக் கேட்டுட்டுத்தானே இருந்தேன். நம்ம பாதியை அப்படியே பங்கா மாத்தியாச்சு."

அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. என் கையை இன்னும் விடவில்லை.

"இப்ப அது என்ன விலை போகுதுங்க?"

எனக்குத் தெரியும். காலையில்தான் சிரித்துக்கொண்டே பார்த்தேன்.