வாங்கினால் ஒன்பது, விற்றால் பத்து

நல்ல புத்தியின் விலை சேந்தமங்கலத்தில் மாதம் ஒன்றரை அணா. சாலம்மாள் டீச்சர் இரண்டணாவில் ஆரம்பித்தார். நான் ஓரணாவில் ஆரம்பித்தேன்.

"எம் பொண்ணுக்கு எழுத்தும் கணக்கும் போதுமுங்க. வேதப் பாடத்தைக் கழிச்சுட்டு ஒரு விலை சொல்லுங்க" என்றேன்.

"வேதப் பாடத்துக்கு நான் காசே வாங்கறதில்லைங்க. அதுல எதைக் கழிக்கறது?" என்றார் அவர்.

ஆத்தூர் நெல் மண்டிகளில் பேரத்தைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தவன் நான். சும்மா கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லி விலையைக் குறைக்கும் வித்தையை மட்டும் அங்கே யாரும் சொல்லித் தரவில்லை. ஒன்றரையில் முடித்துக்கொண்டோம்.

மேட்டூர் அணை கட்டி முடித்த வருஷம் அது. மிஷன்காரர்கள் எங்கள் தெருவில் ஓட்டு வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்து அந்தப் பள்ளியை நடத்தினார்கள். பிள்ளைகள் இருபத்திரண்டு பேர். டீச்சர் ஒருவர். பின்கட்டு அறைதான் அவர் குடியிருப்பு. புருஷனும் இல்லை, பிறந்த வீடும் இல்லை. எதிர்ச்சாரியில் என் கேழ்வரகு மண்டி. மகள் பாப்பாயிக்கு எட்டு வயது. பகலில் பள்ளி. சாயங்காலம் மண்டியில் என் கூலியாள் மாதையன் தானியம் அளக்கும்போது பக்கத்தில் நின்று எண்ணிக்கை சொல்வாள். மாதையனின் கை சளைக்காது. எண்ணிக்கை மட்டும் இருபதுக்குள் இரண்டு தரம் தொலைந்துபோகும்.

வருஷத்துக்கு ஒரு தரம் சேலத்திலிருந்து மிஷன் இன்ஸ்பெக்டர் வந்து ஒரு தாளை நிரப்பிக்கொண்டு போவார். அதில் இரண்டு கட்டங்கள் முக்கியம். பாடத்தை ஒப்பித்தவர் எத்தனை பேர், பாடத்தால் நடத்தை திருந்தியவர் எத்தனை பேர். இரண்டாவது கட்டத்தில் சாலம்மாள் இரண்டு வருஷமாகச் சைபர் போட்டிருந்தார். மூன்றாவது சைபர் விழுந்தால் சித்திரையோடு பள்ளியைப் பூட்டுவதாகக் கடிதம் வந்துவிட்டது.

"அட, ஒரு நாலு போடுங்க. யாரு வந்து எண்ணப்போறாங்க?" என்றேன்.

"பொய் எழுதிப் பள்ளிக்கூடத்தைக் காப்பாத்தி, அதுக்குள்ள உக்காந்து பொய் சொல்லாதேன்னு பாடம் நடத்தச் சொல்றீங்களா?"

கெட்டிக்காரிதான். மண்டியில் உட்கார்த்தி வைத்தால் ஒரு மாதத்தில் கடையை மூட வைத்துவிடுவார் என்று தோன்றியது.

இன்ஸ்பெக்டர் வருவதற்கு ஒரு வாரம் முன்பு பாப்பாயி மண்டிக்குள் வந்து மூலை முடுக்கெல்லாம் தேடினாள். சாக்கு அடுக்குக்குப் பின்னால்கூடப் பார்த்தாள்.

"என்ன சாமி தேடறே?"

"நம்ம கிட்ட ரெண்டு வள்ளம் இருக்குதாப்பா? வாங்கறதுக்கு ஒண்ணு, விக்கறதுக்கு ஒண்ணுன்னு ரெண்டு அளவு வெச்சிருந்தா கடவுளுக்குப் புடிக்காதாம். டீச்சர் சொன்னாங்க."

நான் சிரித்துவிட்டேன். தானியம் அளக்கும் வள்ளத்தை எடுத்து, அடியில் இருந்த சர்க்கார் முத்திரையைக் காட்டினேன். "ஒண்ணே ஒண்ணுதான் சாமி. வாங்கறதும் இதுலதான், விக்கறதும் இதுலதான்."

அவளுக்கு நிம்மதி. எனக்குக் கொஞ்சம் பெருமையும்கூட. இந்தத் தெருவில் எத்தனை பேரால் அப்படி எடுத்துக் காட்ட முடியும்?

இன்ஸ்பெக்டர் வந்த அன்று பெற்றவர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். வெளியே ஜன்னலோரம் குடியானவர்கள் நாலு பேர் நின்றார்கள். அவர்களில் சின்னான் என்பவர் வருஷம் நாலு மூட்டை கேழ்வரகு எனக்கு விற்கிறவர். அவர் மகள் செல்லாயி பாப்பாயிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

இன்ஸ்பெக்டர் கறுப்புக் கோட்டும் குடையுமாக ஒல்லியான மனிதர். மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று கடிகாரத்தை மேசைமேல் வைத்துக்கொண்டார். அந்தப் பிள்ளை இந்தப் பிள்ளை என்று கேட்டு முடித்துவிட்டுப் பாப்பாயியைப் பார்த்தார். "நீ எழுந்திரு அம்மா. பத்துக் கட்டளையையும் வரிசையாச் சொல்லு."

பாப்பாயி எழுந்து, கையை நீட்டி, கட்டை விரலை மடக்கினாள். "லாபம். கடவுள் ஒருத்தருதான், வேற சாமி கூடாது. ரெண்டு. சிலை செஞ்சு கும்புடக் கூடாது. மூணு..."

"இரு, இரு. முதல்ல என்ன சொன்னே?"

"லாபமுங்க."

"முதல் கட்டளை லாபமா?"

டீச்சர் முகம் சிவந்துபோனது. இன்ஸ்பெக்டர் தானியத்தைச் சோறாகத் தட்டில் மட்டுமே பார்த்தவர் போலிருக்கிறது. அளக்கும்போது முதல் அளவை எங்கள் பக்கத்தில் யாரும் ஒன்று என்று சொல்வதில்லை. ஒன்று என்று சொன்னால் வரும்படி ஒன்றோடு நின்றுவிடும் என்று ஒரு பயம். அதனால் லாபம், இரண்டு, மூன்று என்று எண்ணுவோம். டீச்சர் இதை அவருக்கு எடுத்துச் சொன்னார். அவர் மெல்லச் சிரித்தார். எல்லாம் நல்லபடியாகவே போய்க்கொண்டிருந்தது. பாப்பாயி பத்தையும் பிசகாமல் சொல்லி முடித்தாள்.

"கெட்டிக்காரி. ஆகமொத்தம் எத்தனை கட்டளை?"

சும்மா கேட்ட கேள்விதான். பாப்பாயி விரல்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"வாங்கறதுக்குங்களா, விக்கறதுக்குங்களா?"

"என்னது?"

"வாங்கினா ஒம்பதுங்க. வித்தா பத்துங்க."

நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். இன்ஸ்பெக்டர் குழம்பிப்போய் டீச்சரைப் பார்த்தார். டீச்சரும் அதே குழப்பத்தோடு பாப்பாயியைப் பார்த்தார். பெரியவர்களுக்கு இவ்வளவு சுலபமான கணக்கு விளங்கவில்லையே என்று பாப்பாயி பொறுமையாக விளக்கினாள். "விக்கறப்ப லாபம், ரெண்டு, மூணுன்னு எண்ணோணும். வாங்கறப்ப லாபம், ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணோணும். அம்மா அப்பாவை மதிக்கற கட்டளை விக்கறப்ப அஞ்சாவதா வரும். வாங்கறப்ப நாலாவதுங்க."

சொன்னது முழுக்க நிஜம். விற்கும்போது முதல் வள்ளத்துக்கு லாபம் என்பது பேர், அதுவே ஒன்று. வாங்கும்போது லாபம் என்று ஒரு வள்ளத்தைப் போட்டுக்கொண்டு, அதற்குப் பிறகு ஒன்று என்று ஆரம்பிப்போம். இருபது வள்ளத்து மூட்டையில் இருபத்தொரு வள்ளம் வந்து சேரும். என் அப்பன் அப்படி எண்ணினார், நானும் எண்ணினேன், பாப்பாயிக்கும் கற்றுக்கொடுத்தேன். அதை எண்ணும் முறை என்றுதான் நினைத்திருந்தேன். திருட்டு என்று நினைத்ததில்லை. நினைக்க வேண்டாம் என்று இருந்தேனோ என்னவோ.

ஜன்னலுக்கு வெளியே சின்னான் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க மண்டிக்காரரே, அப்ப என் மூட்டைக்கு இருபது வள்ளமுங்களா, இருபத்தொண்ணுங்களா?"

"பொறுங்க சின்னான். உள்ளே பாடம் நடக்குது."

"எனக்கும் பாடந்தானுங்க நடக்குது."

மற்ற மூவரும் வேறு மண்டிகளுக்கு விற்கிறவர்கள். தங்கள் மண்டிக்காரர் மகளையும் இந்தப் பள்ளியில் சேர்க்கக் கூடாதா என்கிற ஏக்கம் அவர்கள் முகத்தில் தெரிந்தது.

"இந்த அளவு விஷயமா நீங்க பாடம் எதுவும் நடத்தலையா?" என்று இன்ஸ்பெக்டர் டீச்சரைக் கேட்டார்.

"போன வாரந்தான் நடத்தினேங்கய்யா. ரெண்டு வித அளவு கடவுளுக்கு ஆகாதுன்னு."

"நாங்கூட அன்னிக்கே மண்டியில தேடிப் பாத்தனுங்க" என்றாள் பாப்பாயி. "ஒரே வள்ளந்தான் இருக்குது. முத்திரைகூட இருக்குது."

ஜன்னலில் சிரிப்பு கிளம்பியது. இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. தாளை எடுத்தார். ஒப்பித்தவர் பதினெட்டு என்று எழுதினார். இரண்டாவது கட்டத்தின்மேல் பேனா நின்றது.

"இது வழக்கம்போலச் சைபர்தானே டீச்சர்?"

சாலம்மாள் தாளைப் பார்த்தார். என் பக்கம் திரும்பவில்லை. "ஆமாங்கய்யா. சைபர்தான்" என்றார்.

விலை கேட்கிறவனைச் சமாளிக்கலாம். ஒன்றுமே கேட்காமல் நிற்கிறவரிடம் என்ன பேரம் பேசுவது? நான் எழுந்தேன்.

"கொஞ்சம் பொறுங்கய்யா. அதை எழுதறதுக்கு முந்தி எதிர்ல என் மண்டியில ஒரு வேலை இருக்குது. சின்னான், எத்தனை வருஷமா எனக்குப் போடறீங்க?"

"பதினோரு வருசமுங்க."

"வருஷம் நாலு மூட்டை. மூட்டைக்கு ஒரு வள்ளம். நாப்பத்து நாலு. வாங்க, அளந்து போடறேன்."

பள்ளி பிழைக்கட்டும் என்று சொன்னேனா, அவமானம் தாங்காமல் சொன்னேனா, நாளைக்குச் சின்னான் வேறு மண்டிக்குப் போய்விடுவார் என்று சொன்னேனா, இன்றுவரை எனக்கே பிடிபடவில்லை. மூன்றும் ஒரே சாக்கில் கிடந்தன.

எல்லோருமாகத் தெருவைத் தாண்டி மண்டிக்கு வந்தோம். மாதையன் முதல் வள்ளத்தை நிரப்பித் தலைதட்டினான். பாப்பாயி எண்ண வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள்.

"அப்பா, திருப்பிக் குடுக்கறப்ப எப்படி எண்றது?"

அது விற்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை. எங்கள் பரம்பரையில் யாரும் எதையும் திருப்பிக் கொடுத்ததில்லை. அதற்கு ஒரு எண்ணும் முறையும் இல்லை.

"விக்கறாப்பல எண்ணு. லாபம், ரெண்டு" என்றேன்.

"அதெப்படிங்க?" என்றார் சின்னான். "இப்ப நானில்லைங்களா வாங்கறவன்? வாங்கறவனுக்கு லாபம் தனி. அப்புறந்தான் ஒண்ணு. உங்க ஊட்டு வழக்கந்தானுங்களே."

பாப்பாயி டீச்சரைப் பார்த்தாள். "ஒண்ணுன்னே ஆரம்பி கண்ணு" என்றார் டீச்சர். "ஒண்ணு, ரெண்டு, மூணு. குழப்பமே இல்லை."

"வேண்டாமுங்கம்மா" என்று சின்னான் பதறினார். "எங்க ஊட்டுக்கு வர்ற தவச தானியத்தை ஒண்ணுன்னு ஆரம்பிச்சா அப்புறம் வெளங்குமுங்களா? லாபம்னே சொல்லச் சொல்லுங்க. ஆனா அதைக் கணக்குல சேத்த வேண்டாம்."

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் குனிந்தார். "பாப்பா, உனக்கு எது சரின்னு படுது?"

அவளுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. "திருடக் கூடாதுன்னா விக்கறாப்பல எண்ணோணுமுங்க. எங்க ஊட்டு வழக்கப்படி எண்ணோணும்னா வாங்கறாப்பல எண்ணோணும். சின்னான் மாமாவும் அப்படித்தான் கேக்கறாங்க. அவங்கதான் ஏமாந்தவங்க. எதுன்னு தெரியலைங்க."

கடைசியில் நான்தான், யாரும் வாய்விட்டு எண்ண வேண்டாம், அவரவர் மனசுக்குள் எண்ணிக்கொள்ளலாம் என்றேன். மாதையன் அளக்க ஆரம்பித்தான். மண்டியில் அப்படி ஒரு அமைதியில் தானியம் விழுந்து நான் கேட்டதில்லை. கோட்டுப் போட்டவர் உட்பட ஏழெட்டு உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன.

"நாப்பத்து நாலு" என்றாள் பாப்பாயி.

"நாப்பத்து மூணு" என்றார் சின்னான்.

"கணக்குத் தீர்ந்துதா இல்லையா?" என்றார் இன்ஸ்பெக்டர். தெருமுனையில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

"இல்லைங்க. இன்னும் ஒண்ணு வரோணும்" என்றார் சின்னான்.

இன்ஸ்பெக்டரின் ஒரு கையில் தாள், இன்னொரு கையில் பேனா. சாலம்மாள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சின்னானைக் கெஞ்சியிருக்கலாம், அதட்டியிருக்கலாம்; அவர் மகள் இந்தப் பள்ளியில் படிக்கிறவள்தானே. சொல்லவில்லை. எதிரே திறந்து கிடந்த பள்ளிக்கூடக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் மாதையன் கையிலிருந்து வள்ளத்தை வாங்கினேன். நானே நிரப்பினேன், நானே சாக்கில் கொட்டினேன்.

"இப்ப?"

"இப்பத் தீந்துதுங்க" என்றார் சின்னான், மூன்றாவது சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டே.

இன்ஸ்பெக்டர் இரண்டாவது கட்டத்தில் ஒன்று என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, குடையை எடுத்துக்கொண்டு ஓடினார். பள்ளிக்கு இன்னொரு வருஷம் கிடைத்தது. அந்த ஒன்று யார் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மாட்டிக்கொண்டு கொடுத்த நானா, மாட்டிவிடுகிறோம் என்று தெரியாமலே மாட்டிவிட்ட பாப்பாயியா, சைபர் என்று சொன்ன சாலம்மாளா? டீச்சர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். எதற்கு என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

சின்னான் மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போன பிறகு பாப்பாயி சிலேட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, இன்னிக்கு நான் சொன்னது உங்களை மதிக்காததுங்களா?"

"தெரியல சாமி."

"சொல்லாம இருந்திருந்தா?"

"அதுவும் தெரியல. டீச்சரைக் கேளு."

"கேட்டேன். யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்னுட்டாங்க."

சிலேட்டைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க கடைசியாப் போட்டீங்கல்ல, அந்த வள்ளத்தை எப்படி எழுதறது?"

"உனக்குப் பட்டதை எழுது" என்றேன். குச்சியை எச்சிலில் தொட்டுக்கொண்டு, குனிந்து, அழுத்தி எழுதினாள்:

சின்னானுக்குத் தர வேண்டியது, வள்ளம் 44.
அளந்து போட்டது, வள்ளம் 45.
சின்னான் நமக்குத் தர வேண்டியது, வள்ளம் 1.