பிரித்து வாங்கிய செக்

என் வீட்டுக்காரர் பால்காரரையும் நம்ப மாட்டார், பால் காய்ச்சுகிற என்னையும் நம்ப மாட்டார். எங்களுக்கு சோபா தைக்கும் பட்டறை. வாடிக்கையாளர் யாராவது மொத்தப் பணத்துக்கும் ஒரே செக் நீட்டினால் வாங்க மாட்டார். அது திரும்பி வந்தால் எல்லாமே போச்சாம். ஐந்தாகப் பிரித்து வாங்கினால் இரண்டு மூன்றாவது தேறுமாம். இந்த யோசனையில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

செக்குகளை பேங்கில் போடுவது என் தம்பியின் வேலை. எங்களோடுதான் தங்கியிருந்தான். சில மாதங்களாகக் கணக்கில் பணம் குறைந்துகொண்டே வந்தது. இவர் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. வாசலில் அவன் கழற்றிப் போடுகிற புது ஷூவையே முறைத்துக்கொண்டிருந்தார்.

செக்கில் பட்டறை பேர்தானே இருக்கிறது, அவன் எப்படி எடுப்பான் என்று கேட்டேன். பேங்குக்குள்ளேயே ஆள் பிடித்திருப்பான் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அன்று மதியம் தம்பி யாரிடமோ போனில் தணிந்த குரலில் பேசியபோது நானும் கதவோரம் நின்று ஒட்டுக்கேட்டேன். சந்தேகம் ஒட்டுவாரொட்டி. திரும்பியவன் என்னைப் பார்த்துவிட்டான். சாம்பாரில் உப்பு போதுமா என்று கேட்டு மழுப்பினேன்.

அன்று ராத்திரி சாப்பாட்டில் இவர் கேட்டேவிட்டார்.

"உண்மையைச் சொல்லு மச்சான். எவ்வளவு எடுத்த?"

தம்பி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான்.

மறுநாள் இவரை பேங்குக்கு இழுத்துக்கொண்டு போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண் கணக்கைத் திறந்து பார்த்தாள். மாதத்தில் முதல் சில செக்குகளுக்குத்தான் இலவசமாம். அதற்கு மேல் போடும் ஒவ்வொன்றுக்கும் கட்டணம் பிடிப்பார்களாம்.

"ஏன் சார் துண்டு துண்டா போடுறீங்க? ஒரே செக்கா வாங்கியிருந்தா ஒரு காசும் போயிருக்காதே."

இவர் அவளையும் ஒரு மாதிரிதான் பார்த்தார். வெளியே வந்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, நன்றாக வேண்டும் என்றும் இருந்தது.

மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வராது. வீட்டுக்கு வந்ததும், பேங்க்தான் பணத்தைப் பிடித்திருக்கிறது என்று சொல்லி அசடு வழிந்தார். அன்றைக்கு வந்திருந்த செக்கை எடுத்து, நீயே போட்டுவிட்டு வா என்று தம்பியிடம் நீட்டினார்.

அவன் கையை நீட்டவில்லை.

"நீங்களும் வாங்க மாமா. இனிமே நான் தனியா போக மாட்டேன்."

பிறகு என் பக்கம் திரும்பினான்.

"நீயும் வாக்கா."