மூத்தவளுக்கு வயதான கதை

கண்ணாடிக்காரரின் முதல் மனைவி இருபத்து நான்காவது வயதில் காய்ச்சலில் இறந்துபோனாள். அதற்குப் பிறகும் அவளுடைய குரலுக்கு வருடத்துக்கு ஒரு வயது கூடிக்கொண்டே வந்தது. குரல் இருந்தது ஆறு இசைத்தட்டுகளில். அவளுடைய அப்பா ரேடியோ கடை வைத்திருந்தவர். பாடுவதை அங்கேயே தட்டில் செதுக்கிக் கொடுக்கும் இயந்திரம் ஒன்று அவரிடம் இருந்தது. கடையில் ஈ ஓட்டிய மதியங்களில் மகளை அதன் முன்னால் உட்காரவைத்து, அலுமினியத் தகட்டின் மேல் கறுப்பு அரக்குப் பூசிய தட்டுகளில் அவள் பாட்டைப் பதிந்து, கல்யாணமானபோது துணிப்பெட்டியின் அடியில் வைத்து அனுப்பினார். எல்லாத் தட்டும் ஒரே மாதிரிதான் தொடங்கும். "ஆரம்பிக்கட்டுமாப்பா?" என்று கேட்பாள், சிரிப்பாள், பிறகு பாடுவாள். பாட்டுகள் அவளே கட்டியவை. ஒன்று மறந்துவிட்டுப் போன குடையைப் பற்றியது, ஒன்று யாரைப் பார்த்தாலும் குரைக்கும் பக்கத்து வீட்டு நாயைப் பற்றியது. மற்ற நான்கும் காதலைப் பற்றியவை என்றாலும், அப்பா எதிரில் உட்கார்ந்திருந்ததால் எல்லாவற்றையும் நிலாவின் தலையில் கட்டியிருந்தாள்.

அவள் போய் மூன்று வருடம் கழித்து, கண்ணாடிக்காரர் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்த பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். மூக்குக்கண்ணாடி விற்றதால் அவர் கண்ணாடிக்காரர் ஆனதைப் போல, அவளும் தெருவுக்கு டெலிபோன்காரி ஆனாள். நாள் முழுக்க முகம் தெரியாதவர்களின் குரலைக் காதில் வாங்கி வாங்கி, ஒரு "ஹலோ"வை வைத்தே எதிர்முனையில் இருப்பவருக்கு என்ன வயது, எத்தனை பல் போயிருக்கிறது, காலையில் வீட்டில் சண்டையா என்பதுவரை சொல்லிவிடுவாள். கண்ணாடிக்காரர் அவளிடம் எதையும் மறைக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஒரு ரெக்கார்டு போடுவேன். அதை மட்டும் வேணாம்னு சொல்லிடாதே," என்றார். அவளும் சொல்லவில்லை. ஆனால் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். மூத்தவள் என்பது பேருக்குத்தான். அவளுக்கு என்றைக்கும் இருபத்து நாலு. குரலும் இளமையும் அவளுடையதாகவே இருந்துவிட்டுப் போகட்டும். இவருக்கு நரைக்கும்போது கூட நரைக்கப்போகிறவள் நான், முட்டி வலிக்கும்போது தைலம் தேய்க்கப்போகிறவள் நான், அதில் பங்கு கேட்டு எவளும் வர முடியாது. இந்தச் சமாதானத்தில்தான் அவள் ஞாயிற்றுக்கிழமைகளைப் பொறுத்துக்கொண்டாள். பொறுத்துக்கொண்டாளே தவிரச் சும்மா இருக்கவில்லை. மூத்தவள் "ஆரம்பிக்கட்டுமாப்பா?" என்றதும் தையல் மெஷினில் போய் உட்கார்ந்து, கிழியாத தலையணை உறைகளை எல்லாம் கடகடவென்று தைத்துத் தள்ளுவாள்.

கல்யாணமாகிப் பத்து வருடம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை குடைப் பாட்டின் உச்சியில் குரல் லேசாகப் பிசிறடித்தது. முள் தேய்ந்திருக்கும் என்று புது முள் வாங்கி மாட்டினார்கள். அதே இடத்தில் மறுபடி பிசிறு. டெலிபோன்காரி மெஷினை நிறுத்திவிட்டு அன்றைக்குத்தான் முதல் தடவையாக முழுப் பாட்டையும் கேட்டாள். அது இருபத்து நாலு வயதுப் பெண்ணின் குரல் இல்லை. முப்பத்தேழு இருக்கும்.

"அவங்களுக்கு வயசாகுது," என்றாள்.

"யாருக்கு?"

"உங்க மூத்த சம்சாரத்துக்கு. நல்லாக் கேளுங்க."

கண்ணாடிக்காரர் தட்டைத் திரும்ப வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "எப்பவும் இருக்கற மாதிரிதானே இருக்கு," என்றார்.

அந்தப் பதிலை டெலிபோன்காரியால் கடைசிவரை செரித்துக்கொள்ள முடியவில்லை. கூடவே வாழ்கிறவர்களுக்குத்தான் வயதாவது தெரியாது. அவள் நெற்றியோரத்தில் நரை விழுந்திருந்ததை அவர் அதுநாள்வரை கவனிக்கவே இல்லை. அதை அன்பு என்று எடுத்துக்கொண்டு உள்ளூர மகிழ்ந்திருந்தாள். அதே கவனிக்காத அன்பு இப்போது அலமாரியில் இருக்கிற ஆறு தட்டுகளுக்கும் கிடைக்கிறது என்றால், தனக்கென்று தனியாக என்ன மிச்சம்?

அதன் பிறகு எல்லாம் அந்தப்படியே நடந்தது. கண்ணாடிக்காரருக்குச் சளி பிடித்தால் மூத்தவளும் மூக்கால் பாடினாள். அவருக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கிய மாதம் நாய்ப் பாட்டில் காற்று கசிந்தது. தெருக்கோடியில் இருந்த தொண்டை டாக்டர், ஒரு தடவை காபி குடிக்க வந்தவர், இரண்டு பாட்டுக் கேட்டுவிட்டு, அந்த அம்மா கொஞ்ச நாள் வெந்நீர் குடித்தால் நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார். நாற்பத்தொன்பதில் டெலிபோன்காரிக்கு மாதவிலக்கு நின்று உடம்பு அனலாகக் கொதித்துக் கிடந்தபோது, மூத்தவளின் குரலும் ஒரு சுருதி இறங்கி, நிலாப் பாட்டில் மூச்சு வாங்க நின்று நின்று போனது. "இதுக்குமா போட்டி?" என்று டெலிபோன்காரி ஈரத் துண்டை முகத்திலிருந்து எடுக்காமலே கேட்டாள். போதாக்குறைக்கு அவள் பெற்ற ஒரே மகள், தாலாட்டைவிட அதிகமாகக் கேட்டு வளர்ந்தது அந்தப் பாட்டுகளைத்தான். தட்டில் இருந்தவளைப் பெரியம்மா என்றுதான் கூப்பிட்டாள். குளிக்கும்போது குடைப் பாட்டைப் பெரியம்மாவின் இழுவையோடு அச்சு அசலாகப் பாடுவாள். அந்த நேரம் பார்த்துத் தொட்டியில் தண்ணீர் தீர்ந்துபோகும். வால்வை மூடியது யார் என்று யாரும் கேட்டதில்லை.

கண்ணாடிக்காரருக்கு அறுபத்து மூன்று ஆனபோது தட்டுகளில் பூசணம் போல வெள்ளைப் பொடி படிந்து, ஓரங்களில் அரக்கு செதில் செதிலாக உரியத் தொடங்கியது. வேலைக்காக வேறு ஊருக்குப் போயிருந்த மகள், லீவில் வந்தபோது பார்த்துப் பதறிப்போனாள். "இப்படியே விட்டா பெரியம்மா மொத்தமாப் போயிடுவாங்கம்மா. கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிடலாம்."

"ஏத்திட்டா?"

"அப்படியே இருக்கும். நூறு வருஷமானாலும் மாறாது."

"வயசு கூடாதா?"

"மாறாதுன்னா மாறாதும்மா. அதுக்குத்தானே ஏத்தறது."

தட்டுகளை நானே கொண்டுபோகிறேன் என்று டெலிபோன்காரி முந்திக்கொண்டாள். அப்பாவும் மகளும் அவளுடைய பெரிய மனதை நினைத்து உருகிப்போனார்கள். ஆறு தட்டையும் பழைய துண்டுகளில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள்.

பழைய தட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறவர் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் இருந்தார். தட்டு டாக்டர் என்று பெயர் வாங்கியவர். ஒவ்வொரு தட்டையும் பஞ்சு மாதிரி இருந்த பிரஷ்ஷால், காய்ச்சி வடித்த நீரில் கழுவி, மின்விசிறிக்குக் கீழே சாய்த்து உலர்த்தினார். பள்ளத்தின் அகலம் பார்த்து முள்ளை மாற்றி மாற்றிப் போட்டார். கோணிக்கொண்ட தட்டுக்கு ஓரத்தில் மெழுகு வைத்துச் சமன் செய்தார். உரியாத தட்டை முதலில் ஓட்டி, உரிந்ததைக் கடைசிக்கு வைத்தார். முள் போன வழியெல்லாம் அரக்கு சுருள் சுருளாகக் கழன்று வந்து, பின்னால் வெறும் அலுமினியம் பளபளத்தது. "இதுதான் கடைசி ஓட்டம். இனிமே தட்டுல ஒண்ணும் இருக்காது," என்றவர், காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "நல்ல குரல். ஒரு அறுபது வயசு இருக்குமா இந்தம்மாவுக்கு?" என்று கேட்டார். டெலிபோன்காரிக்கு அப்போது ஐம்பத்தொன்பது. "அறுபதேதான். இதோட நிறுத்திக்கட்டும்," என்றாள்.

அது அப்படியே நின்றது. அடுத்த வருடம் டெலிபோன்காரி மூத்தவளை எட்டிப் பிடித்தாள், அதற்கடுத்த வருடம் தாண்டிப் போனாள். ஸ்பீக்கரில் குடைப் பாட்டு அதே பிசிறோடு, அதே மூச்சோடு, ஒரு இழை மாறாமல் வந்தபோது அவளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. தையல் மெஷின் பக்கம் போகாமல் கணவரின் பக்கத்திலேயே உட்கார்ந்து, தாளம்கூடப் போட்டாள். நான்காவது வருடம்தான் ஒரு விஷயம் அவள் கண்ணில் பட்டது. வீட்டு நகவெட்டி துருப்பிடித்திருந்தது. அவளுடைய நகத்தை அவள் கத்தரிக்கோலால் வெட்டிக்கொள்வாள், நகவெட்டி அவருடையது. முடிவெட்டுகிறவர், ஐயா கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போகிறாரா என்று ஆள் விட்டுக் கேட்டார். கண்ணாடிக்காரர் வருடா வருடம் தன் கண்ணைத் தானே சோதித்துக்கொள்கிறவர். பவர் இம்மியும் மாறவில்லை என்று அதைத் தன் தொழில் திறமையில் சேர்த்துக்கொண்டார். அவர் அறுபத்து மூன்றிலேயே நின்றுவிட்டார். யார் பக்கத்தில் நின்றார் என்பதை டெலிபோன்காரிக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சண்டை போடவும் வழியில்லை. அவர் அன்பாகத்தான் இருந்தார், வழக்கம்போல அவளுடைய நரையைக் கவனிக்காமல்தான் இருந்தார். அவள் அறுபத்தைந்தைத் தாண்டினாள், ஒரு கண்ணில் புரை வந்தது, அவரே நல்ல டாக்டராகப் பார்த்துக் கூட்டிப்போனார். மாடிப்படியில் அவர் தடதடவென்று ஏறி மேலே நின்று, "மெதுவா வா, அவசரமில்ல," என்பார். அந்தக் கனிவைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மாடிக்குப் புதிதாகக் குடிவந்த பெண் ஒருநாள், "உங்க தம்பிகிட்ட சாவி குடுத்திருக்கேன் பாட்டி," என்றாள். அன்றைக்கு டெலிபோன்காரி சாப்பிடவில்லை. கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, செத்துப்போன ஒருத்தியை நிறுத்தப்போய், இருக்கிற ஒருவரையும் அவளிடமே விட்டுவிட்டு வந்தோமே என்று வாய்விட்டுச் சொல்லி அழுதாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டு முடிந்ததும் அவரிடமே கேட்டாள். "நான் ஒண்ணு செய்யப்போறேன். செஞ்சா உங்களுக்கு மறுபடி வயசாகும். முட்டி வலிக்கும். ஒருநாள் போயும் சேருவீங்க. செய்யட்டுமா?"

அவர் ஸ்பீக்கரைப் பார்த்தார். "எதுக்கு?"

"எனக்கு மூச்சு வாங்குது. உங்களுக்கு வாங்கல. அதுக்கு."

"அப்ப அவ?"

மூத்தவள் மட்டும் எங்கும் போய்விடக் கூடாது, அவருக்கு அந்தக் கவலை முதலில் வந்துவிட்டது. டெலிபோன்காரி பல்லைக் கடித்துக்கொண்டாள். "அவங்களும்தான் வருவாங்க. வராம நீங்க எங்க வரப்போறீங்க?"

கண்ணாடிக்காரர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவளுடைய கழுத்துச் சுருக்கத்தை, கையில் புடைத்திருந்த நரம்பை, ஒவ்வொன்றாக, கடையில் வந்து உட்கார்ந்தவரின் கண்ணைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். "எப்போ இவ்வளவு தூரம் போனே நீ?" என்று கேட்டார். "செய்," என்றார்.

தட்டு டாக்டருக்கு இந்த வேலை பிடிபடவே இல்லை. ஊரெல்லாம் தட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு வருகிறது, இந்தம்மா மட்டும் கம்ப்யூட்டரிலிருந்து தட்டுக்குப் போகச் சொல்கிறாளே என்று தலையைச் சொறிந்தார். செதுக்கும் இயந்திரம் ஒன்றை எங்கிருந்தோ தேடிப் பிடித்து, பழுது பார்த்து ஓடவைக்க அவருக்குப் பல மாதம் ஆனது. கடைசியில் ஆறு புதிய கறுப்புத் தட்டுகள் தயாராயின. ஃபைலை அழிக்கச் சொன்னபோதுதான் அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "இதுவரைக்கும் ஒரு குரலையும் நான் அழிச்சதில்லம்மா." மகள் போனில், "அது பெரியம்மாம்மா! உனக்கு அவங்களைப் பிடிக்காதுன்னு தெரியும், அதுக்காக இப்படியா?" என்று கத்தினாள். "பிடிக்காதுதான்," என்றாள் டெலிபோன்காரி. "பிடிக்காமத்தான் அவங்களை உசுரோட வச்சிக்கப் பார்க்கறேன். நீயும் உன் செல்லுல வச்சிருக்கறதை அழி." மகள் இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு அழித்தாள். தட்டு டாக்டர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு பொத்தானை அழுத்தினார்.

அந்த மாதமே கண்ணாடிக்காரர் முடி வெட்டிக்கொள்ளப் போனார். அடுத்த வருடம் முட்டி வலித்தது. டெலிபோன்காரி தைலத்தைச் சூடு பறக்கத் தேய்த்துவிட்டபோது, எதிர் அலமாரியில் மூத்தவள் அறுபத்தொன்றாவது வயதுக் குரலில் நிலாவைத் திட்டிக்கொண்டிருந்தாள். பொறாமை போய்விட்டதா என்றால் போகவில்லை. மூத்தவள் பாடும்போது அவர் முகத்தில் வரும் அந்த இளக்கத்தைப் பார்த்ததும் டெலிபோன்காரி வேண்டுமென்றே அழுத்தித் தேய்ப்பாள், அவர் "ஆ" என்பார். இப்படியே எட்டு வருடம் ஓடியது. பிறகு கண்ணாடிக்காரர் இறந்துபோனார், கடையில், ஒரு வாடிக்கையாளருக்குக் கண்ணாடியின் கால் வளைந்திருப்பதைச் சரிசெய்துகொண்டிருந்தபோது.

காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் கிளம்பி, மகளும் ஊருக்குப் போனபின் வந்த ஞாயிற்றுக்கிழமை டெலிபோன்காரி தட்டைப் போட்டாள். போடாமல் இருந்தால் அவர் கோபித்துக்கொள்வார் என்று தோன்றியது. அழுவதற்கு இனித் தனக்கு மட்டும்தான் உரிமை, இந்த ஒரு இடத்திலாவது தான் தனி ஆள் என்று அவள் நினைத்திருந்தாள். முள் சரசரத்தது. மூத்தவள் எதுவும் கேட்கவில்லை, சிரிக்கவில்லை, நேராகக் குடைப் பாட்டைத் தொடங்கினாள். இரண்டு வரி போனதும் நின்றுவிட்டாள். தட்டு சுற்றிக்கொண்டே இருந்தது. அதில் ஒரு வயதான பெண் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

டெலிபோன்காரி நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் எதிரில் உட்கார்ந்தாள். அதுவரை தட்டில் இருந்தவளிடம் அவள் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை.

"இங்க பாரு," என்றாள். "அவரைப் பார்த்துக்கிட்டது நான். அழறதும் நான்தான் அழுவேன். நீ பாடு."

மூத்தவள் தொண்டையைச் செருமிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து எடுத்தாள். உச்சிக்குப் போகத் தெம்பில்லாமல் கீழேயே நின்று பாட்டை முடித்தாள். டெலிபோன்காரி அவ்வளவு நேரமும் அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, அடுத்த தட்டை எடுத்துப் போட்டாள்.